அந்தரத்தில் ஒரு கதவு: ரோம் கோயில் இடிபாடுகளை எப்படிப் பார்ப்பது?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ரோமுக்குப் போறோம். கொலோசியம், கிளாடியேட்டர், சீசர் கொலை எல்லாம் நீங்க நிறையக் கேட்டிருப்பீங்க. அதனால இன்னைக்கு கோயில்கள். குறிப்பா, இடிஞ்சு நிக்கற கோயில்கள்.

ரோமன் ஃபோரத்துக்குள்ள வியா சாக்ரான்னு ஒரு பழைய தெரு இருக்கு. ‘புனிதப் பாதை’ன்னு அர்த்தம். அதுல நடந்து போனா ஓரிடத்துல பத்துத் தூண் வரும். ஒவ்வொண்ணும் சுமார் 17 மீட்டர். அஞ்சு மாடி உயரம்னு வெச்சுக்கலாம். தூண்களுக்குப் பின்னாடி ஒரு சர்ச்சோட முகப்பு. அந்த முகப்புல பச்சை படிஞ்ச ஒரு வெண்கலக் கதவு. இதுல விசேஷம் என்னன்னா, அந்தக் கதவுக்குப் படிக்கட்டே கிடையாது. கோயில் தளத்துலேர்ந்து ஒரு மாடிக்கு மேல, சுவரோட நடுவுல அந்தரத்துல நிக்குது. திறந்து வெளிய கால் வெச்சா நேரா கீழதான்.

இதைப் பார்க்கறவங்க ஒரு போட்டோ எடுத்துட்டு, ‘கதவை ஏன் இவ்வளவு மேல வெச்சாங்க?’ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா கதவை யாரும் மேல வைக்கல. 1602-ல அந்த முகப்பைக் கட்டினப்போ தரையே அந்த உயரத்துலதான் இருந்துச்சு. பின்னாடி வந்தவங்க தரையைத் தோண்டி எடுத்துட்டாங்க. கதவு மட்டும் தன்னோட காலத்துலயே நின்னுடுச்சு.

இன்னைக்கு எபிசோட் மொத்தமும் இந்த ஒரு விஷயம்தான். இடிபாடுன்னா ‘காலம் அழிச்சது’ன்னு சுலபமா சொல்லிடறோம். ரோம்ல காலம் செஞ்சதை விட மனுஷங்க செஞ்சதுதான் அதிகம். எதை இடிக்கணும், எதை வெச்சுக்கணும், எதைத் தோண்டி எடுக்கணும்னு ஒவ்வொரு நூற்றாண்டுலயும் யாரோ ஒருத்தர் முடிவு பண்ணியிருக்காங்க. அந்த முடிவுகளைத்தான் நாம டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கறோம்.

சாமி உள்ள, கூட்டம் வெளிய

அந்தப் பத்துத் தூண் யாரோட கோயில்? பேரரசர் அன்டோனைனஸ் பயஸோட மனைவி ஃபவுஸ்டீனா. அவங்க இறந்ததும், கணவர் அவங்களைத் தெய்வமா அறிவிக்க வெச்சு, கி.பி. 141-ல இந்தக் கோயிலைத் தொடங்கினார். 161-ல அவரும் இறந்தார். அவரையும் தெய்வமாக்கி அதே கோயில்ல சேர்த்தாங்க. இப்பவும் தூண்களுக்கு மேல இருக்கற கல்வெட்டுல இது தெரியும். ஃபவுஸ்டீனா பேர் கீழ் வரியில. கணவர் பேர் மேல் வரியில. மேல இருக்கற வரிதான் பின்னாடி சேர்த்தது.

ரோமன் கோயிலோட அமைப்பைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் புரியும். உயரமான ஒரு மேடை. முன்பக்கம் மட்டும் படிக்கட்டு. மேல தூண் மண்டபம், அதுக்குப் பின்னாடி கருவறை. சிலை உள்ள இருக்கும். பலிபீடம் வெளிய, கோயிலுக்கு முன்னாடி இருக்கும். மக்கள் கூடறதும், பலி கொடுக்கறதும், ஊர்வலம் வந்து நிக்கறதும் எல்லாம் திறந்த வெளியிலதான். கருவறைக்குள்ள கூட்டம் கூடற வழக்கம் இல்ல.

சில கோயில்களுக்கு வேற வேலையும் இருந்துச்சு. ஃபோரத்தோட மேற்குக் கோடியில எட்டுத் தூணோட நிக்கற சனி தேவன் கோயில், அதாவது சாட்டர்ன் கோயில், ரோம் அரசோட கஜானா. சாமியும் கஜானாவும் ஒரே கட்டடத்துல. கோயில்னா வழிபாடு மட்டும் இல்ல, பணம், அரசியல், கௌரவம் எல்லாம் சேர்ந்தது. அதனாலதான் அதோட வீழ்ச்சியும் பணத்துலேர்ந்து தொடங்குச்சு.

மார்பிள் எங்க போச்சு?

382-ல பேரரசர் கிரேஷியன் பழைய வழிபாடுகளுக்கு அரசு கொடுத்துட்டிருந்த பணத்தை நிறுத்தினார். 391-ல தியோடோசியஸ் பலி கொடுக்கறதையும் கோயிலுக்குள்ள போறதையும் தடை செஞ்சார். யோசிச்சுப் பாருங்க: வருமானம் இல்லாத, கூட்டம் வராத, பராமரிக்க ஆள் இல்லாத மிகப் பெரிய கட்டடங்கள். நகரம் முழுக்க.

உடனே யாரும் சுத்தியலோட கிளம்பல. நகரம் சுருங்கச் சுருங்கத்தான் பிரச்சினை ஆரம்பிச்சது. ஒரு காலத்துல சுமார் பத்து லட்சம் பேர் இருந்த ஊர், சில நூற்றாண்டுல சில பத்தாயிரம் பேராக் குறைஞ்சு போச்சு. மலையிலேர்ந்து புதுக் கல் வெட்டிக் கொண்டுவர ஆளும் இல்ல, பணமும் இல்ல. ஆனா பக்கத்துத் தெருவுலயே வெட்டி, செதுக்கி, பாலிஷ் போட்ட கல் சும்மா நிக்குது. யார்தான் விடுவாங்க?

458-லயே பேரரசர் மஜோரியன் இதுக்கு ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. பழைய பொதுக் கட்டடங்களை இடிக்க அனுமதி கொடுக்கற அதிகாரிக்கு 50 பவுண்டு தங்கம் அபராதம். ‘இடிக்காதே’ன்னு சட்டம் வருதுன்னா, இடிக்கறது எவ்வளவு சகஜமா நடந்திருக்கணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கல்லை எடுத்து வேற கட்டடத்துல வெச்சாக்கூடப் பரவாயில்ல, கல்லாவாவது மிஞ்சும். பெரிய அழிவு வேற விதமா நடந்துச்சு. மார்பிள்ங்கறது சுண்ணாம்புக் கல்லோட சொந்தக்காரன். காளவாய்ல போட்டுச் சுட்டா நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு வேணும். அதனால ஃபோரம் பக்கத்துலயே சுண்ணாம்புக் காளவாய்கள் எரிஞ்சது. சிலைகள், கல்வெட்டுகள், தூண் தலைப்புகள் எல்லாம் அதுக்குள்ள போச்சு. கல்லையும் கல்லையும் இணைச்சிருந்த இரும்புக் கம்பிகளையும் நோண்டி எடுத்தாங்க. பழைய சுவர்கள்ல வரிசையா ஓட்டை தெரிஞ்சா, அதுல நிறைய இந்த இரும்புத் தேடலோட தழும்புகள்தான்.

இதுல ஒரு பெரிய முரண் இருக்கு. ஓவியர் ரஃபேல் தெரியும் இல்லையா? 1515-ல போப் பத்தாம் லியோ அவரை ரோமோட பழைய கற்களுக்கு மேற்பார்வையாளரா நியமிச்சார். எதுக்கு? புதுசாக் கட்டிட்டிருந்த செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குக் கல் தட்டுப்பாடு வராம பார்த்துக்க. கூடவே, எழுத்து இருக்கற கல்லை அவர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னும் ஒரு நிபந்தனை. கொஞ்ச வருஷத்துல, சுமார் 1519-ல, அதே ரஃபேல் போப்புக்கு ஒரு கடிதம் தயாரிக்கறார். எழுத்தாளர் காஸ்தில்யோனேவும் கூட இருந்தார். நாம இன்னைக்குக் கண்ணு முன்னாடி பார்க்கற இந்தப் புது ரோம் முழுக்கப் பழைய மார்பிளைச் சுட்ட சுண்ணாம்புலதானே கட்டியிருக்குங்கற வேதனை அந்தக் கடிதத்துல இருக்கு. கடிதம் எழுதி 20 வருஷம் கழிச்சு, 1540-ல, போப் மூன்றாம் பால் செயின்ட் பீட்டர்ஸ் கட்டுமானக் குழுவுக்கு ஃபோரத்துலேர்ந்து கல் எடுக்க அனுமதி கொடுத்துட்டார்.

அதனால ‘காட்டுமிராண்டிகள் வந்து ரோமை அழிச்சாங்க’ங்கற கதையைக் கேட்டா கொஞ்சம் நிதானிங்க. படையெடுப்புகள் நடந்தது உண்மை. ஆனா கோயில்களைக் கல் கல்லாப் பிரிச்சதுல பெரும்பங்கு உள்ளூர்க்காரங்களோடது. அதுலயும் ரோமோட கலையை ரொம்பவே ரசிச்ச மறுமலர்ச்சிக் காலத்துலதான் அது ரொம்பத் தீவிரமா நடந்துச்சு.

அப்போ எது தப்பிச்சது?

வேற வேலை கிடைச்ச கோயில்கள் தப்பிச்சது. ரோம்ல எந்தக் கோயில் இன்னைக்கு ஓரளவு முழுசா நிக்குதோ, அதுக்கு அனேகமா இரண்டாவது வாழ்க்கை ஒண்ணு இருந்திருக்கும்.

பாந்தியன்தான் பெரிய உதாரணம். இப்ப நிக்கறது ஹாட்ரியன் காலத்துல, சுமார் 125-ல முடிஞ்ச கட்டடம். 43 மீட்டர் அகலக் குவிமாடம், உள்ள ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாத வெறும் கான்கிரீட். இந்த வகையில உலகத்துலயே பெரிய குவிமாடம் இன்னைக்கும் அதுதான். கீழ்ப் பகுதியில கனமான கல், மேல போகப் போக எடை குறைஞ்ச எரிமலைக் கல்னு கலவையை மாத்திக்கிட்டே போயிருக்காங்க. உச்சியில ஒரு வட்டத் திறப்பு. மழை பெஞ்சா உள்ள விழும். தண்ணி வடியறதுக்குத் தரையில சின்னச் சின்னத் துளைகள் இருக்கு.

ஆனா இந்தப் பொறியியல் மட்டும் அதைக் காப்பாத்தல. 609-ல கிழக்கு ரோமப் பேரரசர் ஃபோகஸ் அதைப் போப் நான்காம் போனிஃபேஸுக்குக் கொடுத்தார். அவர் அதைச் சர்ச்சா மாத்தினார். வழக்கமான கோயில்ல கருவறை சின்னது, கூட்டுப் பிரார்த்தனைக்கு இடம் பத்தாது. பாந்தியனோட உள்பகுதியோ ஒரு பெரிய மண்டபம். அதனால மாத்தறது சுலபமா இருந்துச்சு. அப்படியும் முழுசாத் தப்பிக்கல. 663-ல பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் வந்து கூரையில இருந்த தங்க முலாம் பூசின வெண்கல ஓடுகளைக் கழட்டிக்கிட்டுப் போனார். 17-ஆம் நூற்றாண்டுல, பார்பெரீனி குடும்பத்துப் போப் எட்டாம் அர்பன் முன்மண்டபத்து வெண்கலத்தை எடுத்து உருக்கிப் பீரங்கி செய்ய வெச்சார். ‘பார்பேரியன்’ செய்யாததைப் ‘பார்பெரீனி’ செஞ்சுட்டார்னு ரோம் மக்கள் அப்பவே கிண்டல் பண்ணினாங்க.

இன்னொரு விஷயம். பழைய கல்லுக்காக வருத்தப்பட்ட ரஃபேல் 1520-ல இறந்தார். அவரோட கல்லறை பாந்தியனுக்குள்ளதான் இருக்கு. பென்தெகோஸ்தே பண்டிகை அன்னைக்கு தீயணைப்பு வீரர்கள் குவிமாடத்து மேல ஏறி, அந்தத் திறப்பு வழியா ரோஜா இதழ் தூவுவாங்க. சுமார் 1,900 வருஷக் கட்டடம், இன்னும் யூஸ்ல இருக்கு.

இன்னும் ரெண்டு கோயில் சொல்றேன். டைபர் ஆத்துப் பக்கம், பழைய மாட்டுச் சந்தை இருந்த இடத்துல, ‘உண்மையின் வாய்’ங்கற கல் முகத்துக்குள்ள கைவிட்டு செல்ஃபி எடுக்க ஒரு பெரிய க்யூ நிக்கும். அந்த இடத்துக்கு நேர் எதிர்லயே போர்ட்டூனஸ் கோயிலும், வட்டமான ஹெர்குலிஸ் கோயிலும் இருக்கு. ரெண்டுமே கிறிஸ்துவுக்கு முந்தைய காலம். ரெண்டுமே பின்னாடி சர்ச் ஆனதால நின்னுச்சு. க்யூவுல நிக்கறவங்கள்ல பலர் திரும்பிக்கூடப் பார்க்கறது இல்ல.

சர்ச் ஆனாத்தான் தப்பிக்கும்னும் இல்ல. ஹாட்ரியன் கோயிலோட பதினோரு தூண் பியாட்ஸா தி பியெத்ரால ஒரு கட்டடச் சுவருக்குள்ள பதிஞ்சிருக்கு. அந்தக் கட்டடம் முதல்ல சுங்கச் சாவடி, அப்புறம் ஷேர் மார்க்கெட். சான் நிக்கோலா இன் கார்சேரேங்கற சர்ச்சைச் சுத்தி நடந்தா, பக்கச் சுவருக்குள்ள பழைய கோயில் தூண்கள் வரிசையாத் தெரியும். தூணுக்கு நடுவுல இருந்த இடைவெளியை அடைச்சுட்டா அது சுவர். செலவும் மிச்சம், தூணும் மிச்சம்.

நம்ம ஃபவுஸ்டீனா கோயிலும் இதே கதைதான். அது சான் லொரென்சோ சர்ச் ஆச்சு. 1430-ல மருந்து வணிகர்கள் சங்கத்துக்குக் கைமாறுச்சு. 1536-ல பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஊர்வலமா வர்றார்னு, பழைய தூண்கள் அழகாத் தெரியணுமேன்னு சர்ச்சோட ஒரு பகுதியை இடிச்சாங்க. கோயிலைக் காப்பாத்தினது சர்ச். இப்ப கோயில் தெரியணும்னு சர்ச்சை இடிக்கறாங்க. அடுத்த நானூறு வருஷம் ரோம்ல நடக்கப்போறதுக்கு இதுதான் ட்ரெய்லர்.

தோண்டினவங்க செஞ்ச முடிவு

ஆத்து வெள்ளம் கொண்டுவந்த வண்டலும், இடிஞ்ச கட்டடக் குப்பையும் சேர்ந்து ஃபோரத்தை மூடிடுச்சு. அதுக்கு மேல புல் முளைச்சது, மாடு மேஞ்சது. ஜனங்க அதை காம்ப்போ வச்சீனோ, ‘மாட்டு மேய்ச்சல்’னுதான் கூப்பிட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டுல பெரிய அளவுல தோண்ட ஆரம்பிச்சாங்க. நடுவுல தனியா ஒரு தூண் நின்னுட்டிருந்துச்சு. யாருதுன்னே யாருக்கும் தெரியல. 1813-ல அடிப்பகுதியைத் தோண்டினா, கல்வெட்டு. 608-ல பேரரசர் ஃபோகஸுக்காக வெச்ச தூண். ஆமா, பாந்தியனைக் கொடுத்த அதே ஃபோகஸ். பழைய ஃபோரத்துல வெச்ச கடைசி நினைவுச்சின்னம் அதுதான்.

இப்படித் தோண்டத் தோண்ட நிறையக் கிடைச்சது. நிறையப் போகவும் போச்சு. 1900-ல சாந்தா மரியா லிபெராட்ரீச்சேங்கற 17-ஆம் நூற்றாண்டு சர்ச்சை இடிச்சாங்க. அடியில 9-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்துல புதைஞ்ச சாந்தா மரியா ஆன்ட்டிக்வா சர்ச் கிடைச்சது. அதோட சுவரோவியங்கள் அபூர்வம். சரி, லாபம்னே வெச்சுப்போம். ஆனா அடுத்து வந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

முசோலினிக்குப் பேரரசு ரோம் மட்டும் போதும். நடுவுல வந்த ஆயிரத்து ஐந்நூறு வருஷம் அவருக்கு இடைஞ்சல். 1932-ல வெனிஸ் சதுக்கத்துலேர்ந்து கொலோசியம் வரைக்கும் ராணுவ அணிவகுப்புக்காக ஒரு நேர்ச் சாலை திறந்தாங்க. அதுக்காக அலெஸாந்த்ரீனோங்கற குடியிருப்புப் பகுதியை இடிச்சாங்க. ஆயிரக்கணக்கான மக்களுக்கு வீடு போச்சு. பலரை நகரத்துக்கு வெளிய, வசதி இல்லாத புறநகர்க் குடியிருப்புகளுக்கு அனுப்பினாங்க. இன்னைக்கு அந்த அகலமான சாலையில நின்னு ரெண்டு பக்கமும் இடிபாடுகளைப் பார்க்கறப்போ, அந்த ‘வியூ’ ஒரு குடியிருப்போட விலைன்னு எந்தப் போஸ்ட்கார்டும் சொல்லாது.

லார்கோ அர்ஜென்டீனாவும் அந்தக் காலத்து வேலைதான். 1926-ல புதுக் கட்டடத்துக்காக இடிக்க ஆரம்பிச்சு, குடியரசுக் காலத்து நாலு கோயில் வெளிய வந்தது. அதுல ஒரு கோயிலுக்குள்ள இருந்த சர்ச்சை எடுத்துட்டாங்க. அதோட பின்சுவர் மிச்சம் மட்டும் இன்னும் நிக்குது. பக்கத்துலயே கி.மு. 44-ல சீசரைக் குத்தின மண்டபத்தோட அடித்தளம். ரொம்ப நாள் அங்க பூனைங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2023-லேர்ந்து நடைபாதை போட்டு நம்மளையும் விடறாங்க.

எந்தக் காலத்தை ‘ஒரிஜினல்’னு வெச்சுக்கறோம், எதை ‘அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது’ன்னு தூக்கிப் போடறோம்? மண்ணைத் தோண்டினாலே பதில் கிடைச்சுடாது. அதிகாரத்துல இருக்கறவங்க ஒரு பதிலோட வந்துதான் தோண்ட ஆரம்பிப்பாங்க. ஒரு இடத்தோட ஒரே ஒரு நூற்றாண்டை மட்டும் காப்பாத்தறதுக்கு, மத்த நூற்றாண்டுகளும் சில சமயம் உயிரோட இருக்கற மக்களும் விலை கொடுக்கறாங்க.

தடயமே இல்லாத ஒரு கோயில்

ஃபவுஸ்டீனா கோயிலுக்குப் பக்கத்துல மாக்சென்டியஸ் பசிலிக்கான்னு பிரம்மாண்டமான வளைவுகள் இருக்கு. அதுக்கு அடியில டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்துச்சு. மிளகுன்னா எங்கேர்ந்து? சேர நாட்டுக் கரையிலேர்ந்து. முசிறி துறைமுகம் வழியா.

வியன்னாவுல இருக்கற பொய்ட்டிங்கர் வரைபடம்னு ஒண்ணு இருக்கு. பழைய ரோமன் வரைபடத்தோட இடைக்காலப் பிரதி. அதுல முசிறிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டடம் வரைஞ்சு ‘அகஸ்டஸ் கோயில்’னு எழுதியிருக்கு. பேரரசருக்கு ஒரு ரோமன் கோயில், சேர நாட்டுல! இன்னைய எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணத்துல 2007-லேர்ந்து அகழாய்வு நடந்து, ரோமன் மதுச் சாடிகள் குவிஞ்சு கிடைச்சது. கோயில் கிடைக்கல. வணிகர்கள் வர்றது நின்னதுக்கு அப்புறம் அதுக்கு அங்க வேற வேலை கிடைச்சிருக்காது. ரோம்ல தப்பிச்ச ஒவ்வொரு கோயிலும் சொல்ற அதே பாடம்தான், தலைகீழா.

நீங்க போனா

ஃபோரத்துக்குக் காலையில சீக்கிரம் போங்க. உள்ள நிழல் கம்மி, வெயில் காலத்துல கல் கொதிக்கும். நல்ல ஷூ போடுங்க, பழைய ரோமன் சாலைக் கல் காலை வாரி விடும். பாந்தியனுக்கு 2023 ஜூலையிலேர்ந்து டிக்கெட் உண்டு. போர்ட்டூனஸ், ஹெர்குலிஸ், ஹாட்ரியன் கோயில்களை வெளியிலேர்ந்து பார்க்கக் காசே வேண்டாம்.

எந்த இடிபாடு முன்னாடி நின்னாலும் மூணு கேள்வி கேளுங்க. சாமி போனதுக்கு அப்புறம் இங்க யார் இருந்தாங்க? காணாமப் போன கல் எங்க போச்சு? இப்ப நான் நிக்கற தரை மட்டத்தை யார் முடிவு பண்ணினாங்க? உதாரணமா வெஸ்டா கோயில்ல வளைவா நிக்கற தூண்களைப் பாருங்க. அது 1930-கள்ல கிடைச்ச துண்டுகளை வெச்சு மறுபடி நிறுத்தினது. செதுக்கல் இருக்கற மார்பிள் பழசு, வழவழன்னு இருக்கற வேற கல் புதுசு. வித்தியாசம் தெரியணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. ஒரு தடவை அது கண்ணுல பட்டுட்டா, அப்புறம் எந்த இடிபாட்டையும் வெறும் பேக்ரவுண்டா வெச்சு போட்டோ எடுக்க மனசு வராது. சரி, எடுங்க, ஆனா எடுத்ததுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க.

நீங்க போன ஊர்ல, ஒரே கட்டடத்துல ரெண்டு மூணு காலம் சேர்ந்து நிக்கறதைப் பார்த்திருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.